காய்ந்த பூவை அருங்காட்சியகத்துக்குள் கொண்டுபோன கதை

அருங்காட்சியகம் ஒன்றின் உதவித்தொகைக்கான விண்ணப்பப் படிவத்தில் என்னை அதிக நேரம் உட்கார வைத்தது கலைநோக்கம் பற்றிய பெரிய கேள்வி இல்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது: ‘படைப்பில் பூ, இலை, விதை, மரம், தோல் போன்ற இயற்கைப் பொருள்கள் உண்டா? உண்டென்றால் எப்படிப் பதப்படுத்தப்பட்டுள்ளன?’ என் படைப்பு முழுக்கப் பூவும் நாரும்தான். பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்தில், எங்கள் வீட்டின் பின்கட்டில் மின்விசிறிக்கு அடியில் காயவைத்ததைப் பதப்படுத்தல் என்று எழுதலாமா என்று யோசித்து, உள்ளதை உள்ளபடியே எழுதினேன். நேர்காணலில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினோம்.

பினாங்கில் ஓர் அருங்காட்சியகம் மலேசியாவின் வட மாநிலங்களைச் சேர்ந்த வளரும் கலைஞர்கள் சிலரைத் தேர்ந்தெடுத்து, சில மாதங்களுக்கு உதவித்தொகையும் ஒரு வழிகாட்டியும் கொடுத்து, முடிவில் கூட்டுக் கண்காட்சி வைக்கிறது. இடத்தின் பெயரை விட்டுவிடுகிறேன். நடுவில் கொஞ்சம் முணுமுணுப்பும் வரும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடலாம். அருங்காட்சியகம் நம் படைப்பைக் கலையாகப் பார்ப்பதற்கு முன்னால், கட்டடத்துக்குள் வரும் வெளிப்பொருளாகப் பார்க்கிறது. இதற்குள் பூச்சி இருக்குமா, உதிருமா, பக்கத்துச் சுவரில் இருக்கும் பழைய துணியைக் கெடுக்குமா என்பதுதான் அவர்கள் கவலை. அதைப் புரிந்துகொண்டு விண்ணப்பம் எழுதுகிறவருக்குப் பாதி வேலை குறைந்துவிடும்.

அம்மா பினாங்குத் தீவில், லிட்டில் இந்தியா என்ற கடைத்தெருப் பகுதியில் பூ கட்டுகிறார். குயின் ஸ்திரீட்டில் 1833-இல் கட்டிய மகா மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் நின்று வாங்கிப் போகும் கடைகளில் ஒன்று. மல்லிகை இந்தியாவிலிருந்து விமானத்தில் வரும், சாமந்தி கேமரன் மலையிலிருந்து லாரியில் வரும். சாயங்காலம் மிஞ்சுகிற சரங்களை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து, பூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, முடிச்சு விழுந்த நாரையும் நூலையும் தனியாக எடுத்து வைப்பேன். கடையில் அம்மாவோடு இரண்டு அத்தைகள் கட்டுகிறார்கள். மூன்று பேரின் முடிச்சும் மூன்று மாதிரி. ஒருவர் இறுக்கிச் சுற்றுவார், ஒருவர் இரண்டு விரல் இடைவெளி விடுவார், அம்மாவின் சரத்தில் ஓரிடத்தில் நூல் திரும்பி வரும். பூவை எடுத்துவிட்டால்தான் கட்டிய கை தெரிகிறது. அந்த நார்களையும் காய்ந்த சாமந்தியையும் வெள்ளைத் துணி போர்த்திய பலகைகளில் வரிசையாகத் தைத்து வைத்ததுதான் படைப்பு.

சாமிக்குச் சாத்திய மாலையைத் தொடவில்லை. அம்மா முதல் நாளே கண்டிப்பாகச் சொன்னார்: “கோயில்ல இருந்து எடுத்த பூ மரத்தடிக்கோ ஆத்துக்கோதான் போகணும், ஒன் பலகைக்கு இல்ல.” இது வீட்டுச் சண்டை என்றுதான் நினைத்திருந்தேன். தேர்வுக் குழுவில் ஒருவர் கேட்ட முதல் கேள்வியே, இந்தப் பூக்கள் வழிபாட்டில் பயன்பட்டவையா, அப்படியென்றால் சமூகத்தில் யாரிடம் கேட்டீர்கள் என்பதுதான். விற்காமல் மிஞ்சியவை மட்டும் என்று சொல்ல முடிந்ததற்கு அம்மாவுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். சமயம் சார்ந்த பொருளைத் தொடுகிறவர்கள் இந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு போவது நல்லது.

விண்ணப்பத்தின் மற்ற பகுதிகள் எல்லாருக்கும் தெரிந்தவைதான்: படைப்பாளி அறிக்கை, பழைய வேலைகளின் படங்கள், கால அட்டவணை, செலவுத் திட்டம். அறிக்கையை மலாயில் எழுதினேன், ஆங்கிலத்திலும் அனுப்பலாம். எனக்குக் கலைக்கல்லூரிப் பட்டம் இல்லை, பகலில் அச்சகத்தில் வேலை. அதை மறைக்கவும் இல்லை, அழுது எழுதவும் இல்லை. யாருடைய வேலையைப் பார்த்து வளர்ந்தாய் என்ற கேள்விக்கு நிர்மலா தத் சண்முகலிங்கம் என்று எழுதினேன். 1941-இல் பினாங்கில் பிறந்தவர், 2016-இல் மறைந்தார். செய்தித்தாள் படங்களையும் புகைப்படங்களையும் ஓவியத்துக்குள் கொண்டுவந்து சமூகத்தைப் பற்றிப் பேசியவர். பெரிய பெயர்களாக அடுக்கியிருந்தால் படிக்கிறவருக்கே சலித்திருக்கும்.

செலவுத் திட்டத்தில்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள். கூட வந்த சிலர் வண்ணம், கித்தான், சட்டம் என்று பொருள்களை மட்டும் போட்டிருந்தார்கள். போக்குவரத்து, படம் எடுப்பவருக்குக் கூலி, பொதி கட்டும் பொருள், திரும்பக் கொண்டுவரும் செலவு எல்லாம் அதே தொகையில்தான் போக வேண்டும். நான் இருப்பது பெருநிலம், கண்காட்சி தீவில். இப்போதைய ஃபெரியில் ஆளும் மோட்டார்சைக்கிளும் சைக்கிளும் மட்டும்தான் போகலாம், கார், வேன் கிடையாது. அதனால் பலகைகள் பினாங்குப் பாலத்தில் வேனில்தான் வர வேண்டும். டோல், தீவுக்குள் போகும்போது மட்டும். சின்னத் தொகைதான், ஆனால் இதையெல்லாம் எழுதியிருந்தால் திட்டத்தை நம்புகிறார்கள். இரண்டு அத்தைகளுக்கும் அம்மாவுக்கும் கூலி போட்டிருந்தேன். கணக்குப் பார்த்தவர் அதைப் பொருள் செலவிலிருந்து எடுத்து ஆள்கூலி என்ற தலைப்புக்கு மாற்றச் சொன்னார், வெட்டவில்லை.

நேர்காணலில் ஒரு கேள்விக்கு மட்டும் கொஞ்சம் எரிச்சல் வந்தது: இதைக் கோயிலிலேயே பார்க்கலாமே, எதற்கு அருங்காட்சியகம்? கோயிலில் எல்லாரும் சாமியைப் பார்க்கிறார்கள், பூவைக்கூடப் பார்ப்பதில்லை, கட்டியவரை யார் பார்ப்பது என்றேன். அவர் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார்.

தேர்வானதும் ஒப்பந்தம் வந்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன் எல்லாப் பக்கத்தையும் படியுங்கள். மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, படைப்பு உருவானதுமே உரிமை படைத்தவருக்கு வந்துவிடுகிறது, பதிவு செய்தே ஆக வேண்டும் என்று இல்லை. படைப்பாளியின் வாழ்நாளும் அதற்குப் பின் 50 ஆண்டுகளும் அது நிற்கும். என் ஒப்பந்தத்தில் படைப்பின் படங்களை ‘எக்காலத்துக்கும், எந்த நோக்கத்துக்கும்’ பயன்படுத்தலாம் என்று ஒரு வரி இருந்தது. கண்காட்சி விளம்பரம், கையேடு, கல்வி என்று மூன்றாகச் சுருக்கித் தரும்படி மின்னஞ்சல் அனுப்பினேன். மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் பதில் வருவதற்குள் ஒரு தைப்பூச சீசனே முடிந்துவிட்டது. கேட்டால் கோபப்படுவார்கள் என்ற பயம் தேவையில்லை. அந்த வரி ஏதோ பழைய படிவத்திலிருந்து அப்படியே வந்தது என்றுதான் பிறகு தெரிந்தது.

காப்புறுதிக்குப் படைப்பின் மதிப்பு எவ்வளவு என்று எழுத வேண்டும். எதையும் விற்றதில்லை, என்ன எழுதுவது? வழிகாட்டி அக்கா சொன்ன வழி எனக்குப் பிடித்தது: மறுபடி முதலிலிருந்து செய்ய என்ன செலவாகும் என்று கணக்குப் போடு, உன் கூலியையும் சேர்த்து. அதையே எழுதினேன். வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பி வரும்வரை காப்புறுதி உண்டா, கட்டடத்துக்குள் இருக்கும்போது மட்டுமா என்பதையும் அப்போதே கேட்டு வைத்துக்கொண்டேன்.

சரி, இனி பூச்சி.

காய்ந்த பூவென்றால் சிகரெட் வண்டுக்கு விருந்து. புகையிலையைத் தின்பதால் அந்தப் பெயர், ஆனால் மசாலாப் பொருள், உலர்ந்த செடி எதையும் விடாது. என் மாதிரிப் பலகை ஒன்றில் சாமந்தியின் நடுவில் ஊசிமுனை அளவு துளைகளும் அடியில் பொடியும் இருந்தன. அருங்காட்சியகப் பொருள்கள் கெடாமல் பார்த்துக்கொள்ளும் துறையின் பெண் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, பலகையை உடனே பையில் போட்டு வாயைக் கட்டினார். பக்கத்து அறையில் பழைய சொங்கேட் என்ற மலாய்ச் சரிகைத் துணிகளும் காகிதங்களும் இருக்கின்றன. மருந்து அடிக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம், நிறம் மாறும், தொடுகிறவர்களுக்கும் ஆகாது, உறைய வைப்போம் என்றார்.

முறை இதுதான். ஒவ்வொரு பலகையையும் கனமான பாலித்தீன் பையில் போட்டு, காற்றை முடிந்தவரை வெளியே தள்ளி, வாயை ஒட்ட வேண்டும். மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் குறைந்தது ஒரு வாரம், குளிர் ஏறி இறங்கும் பெட்டி என்றால் இரண்டு வாரம் வைப்பது வழக்கம். வெப்பநிலை சட்டென்று இறங்க வேண்டும், மெல்ல இறங்கினால் பூச்சி அதற்குப் பழகிக்கொள்ளும். வெளியே எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைப் பிரிக்கவே கூடாது. பிரித்தால் பினாங்குக் காற்றின் ஈரம் குளிர்ந்த பூவின் மேல் தண்ணீராகப் படிந்துவிடும்.

அங்கே இருந்த குளிர்பெட்டியில் என் பலகை நுழையவில்லை. வீட்டு ஃபிரீசர் மைனஸ் 18-க்குக் கீழே போவது சிரமம், அளவும் போதாது. கடைசியில் எங்கள் பக்கத்து மீன் மொத்த வியாபாரி அண்ணனிடம் கேட்டேன். அவர் உறைபெட்டியில் ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்தார். “பூவையா ஐஸ்ல வைக்கப் போற? இறால் வாடை ஏறிடும்மா” என்றார். பை ஒட்டியிருந்ததால் ஏறவில்லை. வெப்பநிலையைக் காட்டும் சின்னக் கருவி ஒன்றை அருங்காட்சியகம் பெட்டிக்குள் வைக்கச் சொல்லிக் கொடுத்திருந்தது. அதன் பதிவைக் காட்டிய பிறகுதான் பலகைகளை உள்ளே அனுமதித்தார்கள். மாவட்டத்தில் இந்த வசதி யாரிடம் இருக்கிறது என்று ஒரு பட்டியல் வைத்திருக்கலாம் என்று என் இறுதி அறிக்கையில் எழுதியிருக்கிறேன். இயற்கைப் பொருளில் வேலை செய்கிற ஒவ்வொருவரும் மீன்கடை தேடி அலைய முடியாது.

காட்சிக்கூடத்துக்குள் ஈரப்பதத்தை 50 முதல் 60 விழுக்காட்டுக்குள் வைக்கிறார்கள். 65-ஐத் தாண்டினால் பூஞ்சை கிளம்பும். எங்கள் வீட்டில் மழைநாளில் அது எங்கே நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் கடைசிக் கட்டத் தையல் வேலையை அங்கேயே ஓர் அறையில் முடித்தேன். வெளிச்சம் 50 லக்ஸ்தான் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு), துணிக்கும் காகிதத்துக்கும் வைக்கிற அதே அளவு. முதலில் இருட்டாகப் பட்டது. கண் பழகிய பிறகு, பக்கவாட்டிலிருந்து விழுந்த விளக்கில் முடிச்சுகளின் நிழல் நன்றாகவே விழுந்தது. மாட்டிக் கொடுத்த பாக்சிக் (வயதில் மூத்த மலாய்க்காரரை அப்படித்தான் கூப்பிடுவோம்) பலகையின் நடுப்பகுதியைத் தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டரில் வைத்தார். என் அம்மா உயரத்துக்குக் கொஞ்சம் இறக்குங்கள் என்று கேட்டேன், மறுபேச்சு இல்லாமல் இறக்கினார்.

விளக்கப் பலகையில் தமிழும் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். மலாய், ஆங்கிலம் மட்டும்தான் வழக்கமாம். வடிவமைப்பாளர் அனுப்பிய முதல் அச்சுப்படியில் கொம்புகள் எல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றன, புள்ளிகள் தனியாக மிதந்தன. அச்சகத்தில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இன்டிசைன் மென்பொருளில் பத்தி அமைப்பை ‘வேர்ல்ட் ரெடி’ வகைக்கு மாற்றி, யூனிகோடு எழுத்துருவைப் போட்டால் சரியாகிவிடும். அதற்கு மேல் பெரிய விஷயம் எதுவும் இல்லை. ஆனால் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் கடைசி அச்சுப்படியைப் பார்த்தே ஆக வேண்டும். அச்சாகிச் சுவரில் ஏறிய பிறகு யாரும் மாற்ற மாட்டார்கள்.

இழுபறி நடந்தது இன்னொரு வரியில். விளக்கப் பலகையில் படைப்பாளி பெயருக்கு ஓர் இடம்தான். முடிச்சுகள் என்னுடையவை இல்லை, மூன்று பெண்களுடையவை. ‘மாலை கட்டியவர்கள்’ என்று தனி வரியில் அவர்கள் பெயரைப் போடக் கேட்டேன். வடிவம் கெடும், மற்றவர்களும் கேட்பார்கள் என்றார்கள். வெண்கலச் சிற்பத்துக்கு வார்ப்புப் பட்டறையின் பெயரைப் போடுவதில்லையா என்று அக்கா எனக்காகப் பேசினார். வந்தது. எழுத்து அளவு சிறியது, ஆனால் வந்தது.

திறப்பு விழா வழக்கம்போலத்தான்: பேச்சுகள், குவே என்ற மலாய்ப் பலகாரங்கள், படம் எடுத்தல். அத்தைகள் இருவரும் தங்கள் நாரைத் தாங்களே கண்டுபிடித்து, இது உன்னுடையது, இல்லை என்னுடையது என்று வாதாடியதைக் கேட்டு மற்றவர்களும் பலகைக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார்கள்.

பலகைகளைச் சுவரிலிருந்து கழற்றும் நாளில், படைப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் நிலை அறிக்கையை மறுபடி எடுக்க வேண்டும். உள்ளே வந்தபோது எழுதியது ஒன்று இருக்கும்: மேல் இடது மூலையில் மூன்று இதழ் உதிர்ந்துள்ளது, நடுவில் நூல் தளர்ந்துள்ளது என்று படத்தோடு, இருவர் கையெழுத்தோடு. போகும்போதும் அதே மாதிரி எழுதி ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். உங்கள் தொலைபேசியிலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு பலகையில் துணி லேசாக மஞ்சளாகியிருந்தது. அது பூவின் சாயம் இறங்கியது, அவர்கள் குற்றம் இல்லை, அப்படியே எழுதினோம்.

உதவித்தொகையின் கடைசித் தவணை, இறுதி அறிக்கையும் ரசீதுகளும் போன பிறகுதான் வரும். கடைகளில் தரும் வழவழப்பான ரசீதுகளின் எழுத்து சில மாதங்களில் அழிந்துவிடும், வாங்கிய அன்றே நகல் எடுத்துவிடுங்கள். என் தவணை இன்னும் வரவில்லை. அம்மாவுக்கும் அத்தைகளுக்கும் தர வேண்டியதை முதல் தவணையிலேயே கொடுத்து முடித்துவிட்டேன். பூக்கடையில் கடன் சொல்ல முடியாது.