‘கொழும்பு வெயிலுக்கு இது நோர்மல்’: புதுக் காரும் மூன்று மாதக் கெடுவும்

முதலில் கெட்ட செய்தி. பழுதான புதுக் காரை விற்றவர் தலையிலேயே திருப்பிக் கட்டும் ‘லெமன் லோ’ இலங்கையில் இல்லை. சிங்கப்பூரில் 2012 இலிருந்து இருக்கிறது. வாங்கி ஆறு மாதத்துக்குள் தெரியவரும் பழுது, கையில் தரும்போதே இருந்ததாக அங்கே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லையென்று காட்டுவது விற்றவர் பாடு. பிலிப்பைன்ஸின் 2014 ஆம் ஆண்டுச் சட்டம் 12 மாதம் அல்லது 20,000 கிலோமீற்றர் என்று எல்லை வைத்திருக்கிறது. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலம் 1982 இலேயே தொடங்கிவிட்டது. இதையெல்லாம் அச்செடுத்துக்கொண்டு காரை இறக்குமதி செய்து விற்கும் ஏஜென்டின் கவுண்டருக்குப் போகாதீர்கள். ஒரு தேத்தண்ணி தந்து, சிரித்து அனுப்பிவிடுவார்கள்.

நமக்கிருப்பது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க, பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். அதன் 13 ஆம் பிரிவு பலமானது. வொரண்டியில் சொன்னதற்கு ஒத்துவராத பொருளை விற்றிருந்தால் அதிகார சபை விசாரிக்கும். உண்மையென்று கண்டால் நட்டஈடு கொடு, பொருளை மாற்று, அல்லது காசைத் திருப்பிக் கொடு என்று கட்டளையிடும். கேட்காவிட்டால் நீதவான் நீதிமன்றம் வழியாகத் தண்டப்பணம்போல அறவிடலாம். இவ்வளவும் சரி. முறைப்பாடு எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் போக வேண்டும் என்பதுதான் இடிக்கிறது. பழுதைக் கண்டுபிடித்த நாளை யாரும் கேட்பதில்லை, விற்ற நாள்தான் கணக்கு.

இதைக் கொழும்பின் காலநிலையோடு சேர்த்துப் பாருங்கள். நவம்பர் மழைக்குள் எடுத்த காரின் ஏசியில் குறை இருந்தாலும் தெரியாது. மார்ச் மாதம் பேஸ்லைன் வீதியில் பகல் பன்னிரண்டரைக்கு நின்றால்தான் குட்டு வெளிப்படும். அதற்குள் மூன்று மாதம் முடிந்திருக்கும். முன்கூட்டியே தெரிந்து காட்டினாலும் சேர்விஸ் கவுண்டரில் ஒரே பாட்டு: “சேர், கொழும்பு ஹீட்டுக்கு இது நோர்மல். அடுத்த சேர்விஸுக்கு வரேக்க பாப்பம்.” அடுத்த சேர்விஸ் வருவதற்குள் கெடு போய்விடும். நான் மாட்டிக்கொண்ட ஏஜென்ட் இதைத் திட்டம்போட்டுச் செய்தாரா, பழக்கத்தில் செய்தாரா தெரியாது. விளைவு ஒன்றுதான்.

ஆகவே கார் எடுத்த முதல் வாரத்திலேயே வெயிலில் சோதியுங்கள். வேண்டியது ஊசி முனையுள்ள டிஜிட்டல் வெப்பமானி ஒன்று, போன் கமரா ஒன்று. ஏசியை ஆகக் குறைந்த வெப்பநிலையில் வைத்து, காற்றை உள்ளேயே சுழலவிட்டு, புளோவரை நடுவேகத்தில் வைத்து, காற்று வரும் நடு வென்ட்டுக்குள் ஊசியைச் செருகுங்கள். பத்து நிமிடம் ஓடியபின் ஒரு படம், அப்படியே போக்குவரத்து நெரிசலில் பத்து நிமிடம் நின்றபின் இன்னொரு படம். வெளி வெப்பநிலை, நேரம், ஓடோமீற்றர் மூன்றும் பதிவாக வேண்டும். ஓடும்போது 8, 9 பாகையில் இருந்த காற்று, நிற்கும்போது 18, 20 என்று ஏறினால் அது காலநிலைக் குணம் அல்ல. கொண்டென்ஸர் (வாயுவின் சூட்டை வெளியே விடும் பகுதி) ஃபேன் சரியாகச் சுற்றவில்லை, கொண்டென்ஸருக்குக் காற்றுப் போகவில்லை, அல்லது கொம்பிரசர் (வாயுவை அழுத்தும் பம்ப்) பலவீனம்.

வெளியே ஒரு நல்ல ஏசி கராஜில் அழுத்தம் அளக்கும் கேஜ் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஆர்134ஏ வாயுவென்றால், 32 பாகை வெளிச்சூட்டில் உயர் அழுத்தப் பக்கம் ஏறக்குறைய 200 முதல் 250 பிஎஸ்ஐ, தாழ் அழுத்தப் பக்கம் 30 முதல் 45 வரை இருப்பது வழக்கம். நிற்கும்போது உயர் பக்கம் 300ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் முதலில் ஃபேனைச் சந்தேகப்படுங்கள். தாழ் பக்கம் கூடி, உயர் பக்கம் குறைந்து, இரண்டும் கிட்டக் கிட்ட வந்தால் கொம்பிரசர். அளவை மட்டும் எழுதி வாங்குங்கள். வாயு நிரப்ப விடாதீர்கள். ஹைபிரிட் கார்களில் இது உயிர்நாடியான விஷயம்: மின்சாரக் கொம்பிரசருக்குப் பிஓஈ வகை எண்ணெய்தான் போக வேண்டும். சாதாரணக் காருக்குப் போடும் பிஏஜி எண்ணெய் கொஞ்சம் கலந்தாலே மின்காப்பு கெட்டு, ஹைபிரிட் எச்சரிக்கை விளக்கு எரியும். அதோடு வொரண்டியும் போய்விடும். வெளியே கைவைத்தீர்கள் என்ற ஒரு வார்த்தை அவர்களுக்குப் போதும். கிரில்லுக்கு முன்னால் மேலதிக விளக்கு, தனி ஃபேன் பூட்டுவதும் அதே வம்பு.

சூட்டில் வரும் மற்றத் தொல்லை கியர்பொக்ஸ். உலர் கிளச் கொண்ட இரட்டைக் கிளச் கியர்பொக்ஸ், நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகையில் சூடேறி நடுங்கும். சிலவேளை எச்சரிக்கை காட்டும், ஓரங்கட்டி ஆறவிட்டால் மறையும். கராஜ் போய்ச் சேரும்போது ஒன்றும் இருக்காது. அதனால் எச்சரிக்கை தெரிந்த கணத்திலேயே படம் எடுங்கள். காரின் கணினியைப் படிக்கும் மலிவான ஓபிடி கருவி ஒன்றைச் செருகிப் பிழைக் குறியீட்டையும், அந்த நேரத்து வெப்பநிலைப் பதிவையும் சேமியுங்கள். கருவியில் ‘குறியீடு அழித்தபின் ஓடிய தூரம்’ என்று ஒரு அளவு வரும். வண்டியை ஒப்படைக்க முன்னும் திரும்பி எடுத்தபின்னும் அதைப் பாருங்கள். “ஒன்றும் காட்டவில்லை” என்றவர்களின் கையிலிருந்து வந்த காரில் அந்த எண் 3 கிலோமீற்றர் என்று இருந்தால், குறியீட்டை அழித்தவர் யார் என்று கேட்கலாம். எனக்கு முதல் தடவையாகக் குரல் இறங்கிப் பதில் வந்தது அந்தப் படத்தைக் காட்டிய பிறகுதான்.

அடுத்தது ஜொப் கார்ட், அதாவது கராஜில் முறைப்பாட்டையும் செய்த வேலையையும் எழுதும் சீட்டு. இதில்தான் ஆகக் கூடுதலாக ஏமாறுவது. ‘ஏசி செக்’ என்று இரண்டு சொல்லில் எழுதி, போகும்போது கேட் பாஸ் மட்டும் தந்து அனுப்புவார்கள். உங்கள் முறைப்பாட்டை உங்கள் சொல்லிலேயே எழுதச் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் நின்றபின், எத்தனை பாகை. உள்ளே போன திகதி, வெளியே வந்த திகதி, ஓடோமீற்றர், அவர்கள் எடுத்த அளவு, மாற்றிய பாகத்தின் இலக்கம் எல்லாம் இருக்க வேண்டும். ‘குறை காணப்படவில்லை’ என்றாலும் எழுதி வாங்குங்கள். குறையைக் காட்டியது எந்தத் திகதியில் என்பதற்கு அதுவே சாட்சி. பிரதி தர மாட்டோம் என்றால் அன்றே மின்னஞ்சலில், இன்ன இலக்க ஜொப் கார்டின் பிரதி கேட்டேன், மறுக்கப்பட்டது என்று அனுப்பிவிடுங்கள்.

இரண்டாம் முறையும் சரிவராவிட்டால் மூன்றாம் முறைக்குக் காத்திருக்க வேண்டாம். ஏஜென்ட் கொம்பனிக்குப் பதிவுத் தபாலில் கடிதம்: குறை என்ன, எப்போதெல்லாம் காட்டினேன், பொருளை ஏற்க மறுக்கிறேன், மாற்று அல்லது பணம் வேண்டும். ‘ஏற்க மறுக்கிறேன்’ என்ற சொல் முக்கியம். 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, பொருளை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிட்டால் திருப்பிக் கொடுக்கும் உரிமை போய், நட்டஈடு மட்டுமே மிஞ்சும். மாதக்கணக்கில் வாய் திறக்காமல் ஓட்டினால் ஏற்றுக்கொண்டதாகத்தான் வாதாடுவார்கள்.

அதிகார சபையின் அலுவலகம் கொழும்பு 2, வொக்ஸோல் வீதியில். 1977 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். அழைப்போடு விட்டுவிடாமல் எழுத்தில் கொடுத்து, திகதி முத்திரையிட்ட பிரதியை வாங்குங்கள். தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதில் பெறும் உரிமை அரசியலமைப்பில் இருக்கிறது. ஆனால் ஏஜென்டின் ஜொப் கார்டெல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கும், ஆகவே பாகங்களின் பெயரை அதிலுள்ளபடியே எழுதுவது குழப்பத்தைத் தவிர்க்கும்.

விலைப்பட்டியல், வொரண்டிப் புத்தகம், ஜொப் கார்ட் பிரதிகள், பதிவுத் தபால் பற்றுச்சீட்டு, படங்கள்: இவை எல்லோருக்கும் ஞாபகம் வரும். மறப்பது லீசிங் கொம்பனியின் கடிதம். லீசிங்கில் எடுத்த காரின் பதிவுச் சான்றிதழில் முழு உரிமையாளர் அவர்கள்தான். என் முறைப்பாட்டு விசாரணையில் எதிர்த்தரப்பு முதல் நாளே இதைக் கிளப்பி, “இவர் உரிமையாளரே இல்லை” என்றது. அன்றைய விசாரணை அத்தோடு சரி. லீசிங் கிளையில் கடிதம் கேட்டால், தலைமைக் காரியாலயம். அங்கே கேட்டால், கிளை முகாமையாளர் ஒப்பமிட வேண்டும். முறைப்பாட்டை முன்னெடுக்க ஆட்சேபனை இல்லை என்ற நாலு வரிக் கடிதத்தை, முறைப்பாடு கொடுக்கும் முன்பே கேட்டு வையுங்கள். கோபத்தில் தவணையை மட்டும் நிறுத்தாதீர்கள். அது தனி வழக்காகி, காரையே இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

இரு தரப்பும் சேர்ந்து காரைப் பார்க்கும் கூட்டுப் பரிசோதனை என்று வரும்போது, காலை எட்டு மணிக்குக் காரைக் கொண்டுவரச் சொல்வார்கள். நிழல் விழுந்த கராஜில், இரவு முழுக்க ஆறிய வண்டியில், எந்த ஏசியும் சில்லென்று அடிக்கும். பகல் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் இடையில், திறந்த வெளியில், இருபது நிமிடம் நின்ற நிலையில் என்று எழுத்தில் கேளுங்கள். சுயாதீனமான பட்டயப் பொறியியலாளர் ஒருவரின் அறிக்கை கையில் இருந்தால் இதை மறுப்பது அவர்களுக்குக் கஷ்டம். எங்கள் பரிசோதனையில் பதினைந்தாம் நிமிடம் வென்ட்டில் 21 பாகை. கொம்பனியின் பொறியியலாளர் ஊசியைப் பிடுங்கித் தன் வெப்பமானியைச் செருகினார். அதுவும் 21.

வெளிநாட்டில் பாவித்து இறக்குமதியான ரீகண்டிஷன் கார் எடுத்தவர்களுக்கு வேறு கணக்கு. இறக்குமதிக்காரரின் வொரண்டி விலைப்பட்டியலின் பின்பக்கத்தில் நாலு வரிதான். அங்கே அதே 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31 ஆம் பிரிவு கைகொடுக்கும்: ஏல அறிக்கையில் (வெளிநாட்டு ஏலத்தில் காரின் நிலையைப் பதிந்த தாள்) இருந்ததைவிட நல்ல நிலையில் இருப்பதாகச் சொல்லி விற்றால் அது பொய்யான விளம்பல். ஏல அறிக்கையின் மூலப் பிரதியைக் காசு கட்டும் முன் வாங்குங்கள். பழைய ஜப்பான் கார் என்றால் செசி இலக்கத்தைத் தயாரிப்பாளரின் ஜப்பானிய மீளழைப்புப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். தக்காட்டா கொம்பனியின் எயார்பேக்கை விரியவைக்கும் இரசாயனம் நீண்டகால வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் கெட்டு, விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடிக்கும். கொழும்பில் இரண்டுக்கும் குறைவில்லை.

மூன்று மாதம் தாண்டியவர்களுக்கு மாவட்ட நீதிமன்றம் உண்டு; செலவும் காலமும் சட்டத்தரணியோடு கதைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். காசு கட்டிச் செய்த சேர்விஸிலோ றிப்பெயரிலோ குறை என்றால், அந்தச் சேவை நடந்த திகதியிலிருந்து தனியாக மூன்று மாதம் உண்டு. பில்லைத் தேடிப் பாருங்கள்.

எனக்குக் கார் மாறிக் கிடைக்கவில்லை. கொம்பிரசரும் ஃபேன் தொகுதியும் புதிதாகப் போட்டு, வொரண்டியை நீட்டித் தந்து இணக்கத்துக்கு வந்தார்கள். இப்படி முடிந்தால் ‘வொரண்டி நீடிக்கப்படுகிறது’ என்ற வெறும் வசனத்துக்கு ஒப்பமிடாதீர்கள். எந்தப் பாகத்துக்கு, எந்தத் திகதியிலிருந்து, எத்தனை கிலோமீற்றர் வரை, காரை விற்றால் அடுத்தவருக்கும் செல்லுமா என்று நான்கும் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். முதலில் வந்த வரைவில் கொம்பிரசரின் பெயரே இருக்கவில்லை.