இரவு இரண்டு மணி மீட்டர்

சைப்ரஸில் லிமசோல் கடற்கரையோர ஹோட்டல் ஒன்றில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். குழாய், பம்ப், நீச்சல்குளம், மொட்டைமாடித் தொட்டி எல்லாம் எங்கள் பொறுப்பு. வறண்ட நாட்டில் தண்ணீரை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று ஊரில் கேட்பவர்கள் அணைகளைப் பற்றியும் கடல்நீர் ஆலைகளைப் பற்றியும் பதிலை எதிர்பார்க்கிறார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவதோ கழிப்பறைத் தொட்டியின் அடியில் இருக்கும் ரப்பர் வாஷர்தான்.

இரவு இரண்டு மணிக்கு மேல் ஹோட்டலில் சலவை கிடையாது, சமையலறையும் மூடியிருக்கும். அந்த நேரத்தில் பிரதான மீட்டரைப் போய்ப் பார்ப்போம். அப்போதும் அது விடாமல் ஓடினால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். குழாய் உடைந்திருந்தால் நல்லது, சீக்கிரம் தெரிந்துவிடும். பெரும்பாலும் அப்படி இருக்காது. தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு வாஷரில் படிந்து, அது சரியாக உட்காராமல், கழிப்பறைக் கோப்பைக்குள் நூல் மாதிரி நீர் இறங்கிக்கொண்டே இருக்கும். சத்தம் வராது, விருந்தினரும் புகார் சொல்ல மாட்டார். அறை அறையாகப் போய்த் தொட்டியில் இரண்டு சொட்டு உணவுச் சாயம் விட்டு, கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து பார்ப்போம். கோப்பையில் நிறம் தெரிந்தால் வாஷரை மாற்ற வேண்டும். இந்தத் தீவில் நான் செய்த நீர்ச் சிக்கனத்தில் பெரும்பகுதி இதுதான். கட்டிலில் வைக்கிற 'துண்டை மறுபடி பயன்படுத்துங்கள்' அட்டையின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

இங்கே ஆண்டு மழை சராசரியாக 500 மில்லிமீட்டரை ஒட்டித்தான். அதுவும் பெரும்பாலும் குளிர்காலத்தில் பெய்துவிடும். கூட்டம் வருவதோ ஜூலை, ஆகஸ்டில். வானத்தில் மேகமே இருக்காது. 1960இல் சுதந்திரம் கிடைத்த பிறகு, ஒரு சொட்டும் கடலுக்குப் போகக் கூடாது என்ற முழக்கத்தோடு நூறுக்கும் மேற்பட்ட அணைகளைக் கட்டினார்கள். எங்கள் ஊருக்கு மேலே இருக்கும் கூரிஸ் அணைதான் எல்லாவற்றிலும் பெரியது, 11.5 கோடி கன மீட்டர் கொள்ளளவு. அதைக் கட்டியபோது அலாஸா என்ற கிராமம் இடம்பெயர்ந்தது. நீர்மட்டம் இறங்கினால் அந்த ஊரின் பழைய தேவாலயம் வெளியே தெரியும். அணையில் எவ்வளவு இருக்கிறது என்று உள்ளூர்க்காரர்கள் தேவாலயத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். ஆனால் அணை கட்டினால் மழை வந்துவிடுமா? 2008இல் கூரிஸ் ஏறத்தாழ காலியாகி, கிரீஸிலிருந்து டேங்கர் கப்பலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

அந்த வருடத்தைப் பற்றி எனக்குச் சொன்னவர் எங்கள் ஹவுஸ்கீப்பிங் அக்கா, யாழ்ப்பாணத்துக்காரர். அப்போது நிகோசியாவில் ஒரு வயதான அம்மாவின் வீட்டில் வேலை பார்த்திருக்கிறார். "கிழமையில மூண்டு நாள்தான் தம்பி தண்ணி வரும். அதுவும் கொஞ்ச நேரம். மொட்டைமாடித் தாங்கி நிரம்பிச்சுதோ எண்டு நான் ஏணியில ஏறிப் பாப்பன். சாலட்டுக்குக் கழுவின தண்ணியும் எலுமிச்சை மரத்துக்குத்தான்" என்றார். அந்த அம்மா பைப்பில் கார் கழுவிய பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டைக்கே போய்விட்டாராம். சட்டப்படியும் அது தண்டனைக்குரியதுதான்.

இங்கே வீடுகளின் கூரையில் சூரியசக்தி ஹீட்டரும் அதற்கு மேல் ஒரு குளிர்நீர்த் தொட்டியும் இருக்கும். தட்டிப் பார்த்தால் எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துவிடும். ஹோட்டலில் அந்த வசதி யாருக்கும் இல்லை. பம்ப் அழுத்தம் மூன்றாம் மாடியிலும் ஏழாம் மாடியிலும் ஒன்றுபோல இருக்கும்படி நாங்களே பார்த்துக்கொள்கிறோம். ஷவரில் நிற்பவருக்குக் கூரிஸ் நிறைந்திருந்தாலும் ஒன்றுதான், காய்ந்திருந்தாலும் ஒன்றுதான். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

1997இல் டெகேலியாவில் தொடங்கிய கடல்நீர் ஆலைகள் பெருகியபின் நகரங்களுக்கும் ஏறக்குறைய இதே நிம்மதி வந்துவிட்டது. ஒரு கன மீட்டர் கடல்நீரைக் குடிநீராக்க மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் வேண்டும். இந்த நாட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி இறக்குமதி எண்ணெயிலிருந்து வருகிறது. அதாவது எங்கள் வாஷரில் ஒழுகுவதில் கொஞ்சம் எண்ணெயும் சேர்ந்தே ஒழுகுகிறது. இதை மேலாளரிடம் சொன்ன பிறகுதான் உதிரிப்பாகங்களுக்குப் பணம் சுலபமாகக் கிடைக்க ஆரம்பித்தது. அப்படியும் 2025 வறட்சியில் ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து நடமாடும் ஆலைகளை வரவழைக்க வேண்டி வந்தது. இலவசமாகத்தான் கொடுத்தார்கள்.

வெளியில் இருப்பவர்களுக்குப் புரியவைக்கக் கஷ்டமான ஒன்று உண்டு. குளிர்காலத்தில் பாதி அறைகள் காலியாகிவிடும். குழாயில் தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரலாம், நுரையீரலைத் தாக்கும். அதனால் வாரம் ஒருமுறை ஆள் இல்லாத ஒவ்வொரு அறையிலும் குழாயையும் ஷவரையும் சில நிமிடங்கள் திறந்துவிட வேண்டும். நல்ல தண்ணீர், நேராகச் சாக்கடைக்கு. இரவில் மீட்டரைப் பார்த்துத் தேடிப் பிடித்து மிச்சப்படுத்திய அதே கையால் அதைத் திறந்துவிடும்போது வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் இதில் விளையாட முடியாது, ஆள் செத்துப்போகலாம்.

அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தோம். விருந்தினர்களைக் கட்டடம் முழுக்கப் பரப்பாமல் கீழ்த்தளங்களில் சேர்த்துத் தங்கவைப்பது; மேல் இரண்டு தளங்களின் குழாய்களை வால்வில் மூடி, நீரை வடித்துவிடுவது; வசந்தத்தில் கிருமிநீக்கம் செய்து திறப்பது. வரவேற்புப் பிரிவு முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, மேல்தளத்தில்தான் கடல் நன்றாகத் தெரியுமாம். ஒரு தளத்தில் ஆரம்பித்து, இப்போது இரண்டையும் மூடுகிறோம். குளியல் தொட்டிகளை எடுத்துவிட்டு ஷவர் மட்டும் வைக்கலாம் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதற்கு இன்னும் பதில் இல்லை. நவம்பரில் கூட்டம் குறைந்ததும் மறுபடி கேட்க வேண்டும்.