கேமராமேன் எங்க நின்னான்?

வரலாற்று டாக்குமெண்டரி எடுக்கிறேன்னு சொன்னா ட்ரோன் ஷாட், கம்பீரமான வாய்ஸ் ஓவர்னு நினைச்சுக்கிறாங்க, நான் பாதி நாள் செய்யறது என்னன்னா வாட்டர்மார்க் போட்ட பழைய ஃபுட்டேஜை நிறுத்தி நிறுத்தி முறைச்சுப் பாக்கிறதுதான்.

அந்தப் பழக்கம் வந்ததே ஒரு அசிங்கத்தால. என் ரெண்டாவது படம், முதல் உலகப்போர் பத்தினது. 1914-ல பட்டாளம் கிளம்புற இடத்துக்கு சரியான ஷாட் இல்ல, ஆர்க்கைவ்ல புதுசா வாங்கலாம்னா பட்ஜெட் தீர்ந்து போச்சு, ஏற்கனவே ரைட்ஸ் வாங்கி வச்சிருந்த ஒரு துண்டை அங்க ஒட்டிட்டோம். எடிட்டர் "யார் சார் கவனிக்கப் போறா"ன்னார், நானும் தலையாட்டிட்டேன். திரையிடல் முடிஞ்சதும் கடைசி வரிசையில இருந்து ஒரு பெரியவர் எழுந்து, "தம்பி, 1914-ல இரும்புத் தொப்பி ஏது?"ன்னார். பிரிட்டிஷ் சிப்பாய்ங்க அப்ப துணித் தொப்பியோடதான் சண்டைக்குப் போனாங்க, எல்லாருக்கும் இரும்புத் தொப்பி கிடைச்சது 1916-லதான். அப்புறம் அவர் படத்தைப் பாராட்டினார் வேற, ஒண்ணும் காதுல ஏறல.

அதுக்கப்புறம் ஷாட் எவ்வளவு அழகா இருக்கோ அவ்வளவு சந்தேகம். 1916 ஆகஸ்ட்ல லண்டன்ல வெளியான, பிரான்ஸ்ல நடந்த சோம் போரைப் பத்தின படத்துல வீரர்கள் பதுங்குகுழியை விட்டு மேல ஏறுவாங்க, ஒருத்தர் சரிஞ்சு உள்ளயே விழுவார். போர் முனைக்குப் பின்னால நடிக்க வச்சு எடுத்ததுன்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. யோசிச்சா தெரியும், குண்டு பறக்கிற இடத்துல முக்காலி நட்டு, கைப்பிடியைச் சுத்திக்கிட்டு, அந்த ஃப்ரேமை வைக்க கேமராமேன் எங்க நின்னான்? அதே படத்துல ஹாதார்ன் ரிட்ஜ்ல ஜெர்மன்காரங்க நிலைக்கு அடியில சுரங்கம் தோண்டி வச்ச வெடி வெடிக்கிறது நிஜம், ஜூலை 1 காலை 7.20, தூரத்துல மண்ணு குன்று மாதிரி எழும்பி அடங்கும். பாக்க அவ்வளவு கவர்ச்சி இல்ல, அதான் நம்பத் தோணுது.

போன மாசம் தயாரிப்பாளர் டிரெய்லருக்கு அந்தப் பதுங்குகுழி ஷாட்தான் வேணும்னார். நடிச்சதுன்னு கீழ எழுத்து போட்டா சரின்னேன், "டிரெய்லர்ல யாராவது அப்படிப் போடுவாங்களா"ன்னு கத்தினார். ரெண்டு நாள் பேச்சுவார்த்தை இல்ல. கடைசியில அதே படத்துல இருந்து வேற ஷாட் வச்சேன், காயம்பட்டவரை முதுகுல தூக்கிட்டு ஒரு சிப்பாய் நடந்து வருவார், ஒரு கணம் கேமராவை நேரா பாப்பார். அந்தக் காயம்பட்டவர் அரை மணி நேரத்துல செத்துட்டார்னு படத்துலயே கார்டு வருது. அந்த இடத்துல மியூசிக் மட்டும் வேணாம்னு எடிட்டர்கிட்ட சொல்லிட்டேன்.