கஜா சாய்த்த தேக்கும் எங்கள் கொல்லைப் பரணும்

"டெக்" என்றதும் ஆசாரி கேட்டார்: "படம் போட்டுப் பார்ப்போமே, அந்த டெக்கா தம்பி?" எண்பதுகளில் வாடகைக்கு எடுத்து வந்து விடிய விடியப் படம் பார்த்த வீடியோ டெக்கைச் சொல்கிறார். கொல்லையில் மரத்தால் ஒரு மேடை, உட்காரவும் படுக்கவும், மழை நாளில் சேறு மிதிக்காமல் கிணற்றடிக்குப் போகவும் என்று விளக்கியதும், "அதைப் பரண்னு சொல்லுங்களேன்" என்று முடித்துவிட்டார். இப்போது வீட்டில் எல்லோருக்கும் அது பரண்தான். 12 அடிக்கு 10 அடி, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம். இவ்வளவுக்கு எனக்கு இரண்டு வருடமும் இரண்டு தரம் கூலியும் ஆனது.

வீடு மன்னார்குடிப் பக்கம். ஐப்பசியில் மழை பிடித்தால் மார்கழி வரை எங்கள் கொல்லைக்கும் வயலுக்கும் வித்தியாசம் தெரியாது. அம்மா வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்ததில்தான் இந்த யோசனையே வந்தது. சிமென்ட் தளம் போட்டிருந்தால் இரண்டே நாளில் முடிந்திருக்கும். ஆனால் பட்டுக்கோட்டைப் பக்கம் தாத்தாவின் தென்னந்தோப்பில், 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் சாய்த்த தேக்கு மூன்று கிடந்தது. விழுந்த தென்னைகளை அப்போதே அறுத்து அப்புறப்படுத்திவிட்டோம். தாத்தா வேலியோரம் வைத்த தேக்கைத் தொட யாருக்கும் மனசு வரவில்லை. நான்கு வருடம் வெயிலிலும் மழையிலும் கிடந்தும் வெளிச்சுற்று வெள்ளையை மட்டும்தான் கரையான் தின்றிருந்தது. கோடாலியால் ஒரு சில்லு பெயர்த்துப் பார்த்தேன். உள்ளே வைரம் பாய்ந்த நடு மரம் அப்படியே இருந்தது, எண்ணெய் வாசனையோடு.

சொந்தத் தோப்பு, சொந்த மரம், சொந்த வீடு. நேராக ஒரு மினி லாரியைப் பேசிக்கொண்டு போய் நின்றேன். டிரைவர் மரத்தைப் பார்த்ததும் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. "தேக்கா? பாஸ் எங்க சார்?" பட்டா நிலத்து மரமோ, காற்றில் விழுந்த மரமோ, தேக்கை வண்டியில் ஏற்றி வெளியே கொண்டுபோக வனத்துறை அனுமதி வேண்டும். தென்னைக்கு இந்தப் பாடு இல்லை என்பதால் எனக்கு அது உறைக்கவே இல்லை. வாடகை தண்டம். முதல் நடை வீண்.

பாஸுக்கு எழுதிக் கொடுக்கப் போனால் பட்டா, சிட்டா, நிலத்தில் என்ன நிற்கிறது என்று கிராமக் கணக்கில் எழுதும் அடங்கல் எல்லாம் கேட்டார்கள். பட்டாவை இணையத்தில் எடுத்துக்கொள்ளலாமே என்று எடுத்தால், அது இன்னமும் தாத்தா பெயரில் இருந்தது. அவர் போய்ப் பல வருடம் ஆகிறது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பங்காளிகளின் சம்மதக் கடிதம் என்று வரிசை நீண்டது. திருப்பூரில் இருக்கும் பெரிய மாமா ஒரு கையெழுத்துக்காக என்னை இரண்டு முறை அலைய விட்டார். கோபமெல்லாம் இல்லை, "வா மாப்பிள்ளை, சாப்பிட்டுட்டுப் போ" என்கிற வகை. காகிதத்தை மட்டும் எடுக்க மாட்டார். மூன்று தேக்கில் தனக்கு ஒரு ஊஞ்சல் பலகை வேண்டும் என்பதை இரண்டாம் முறைதான் வாயைத் திறந்து சொன்னார். கொடுத்தேன்.

அதைவிடப் பெரிய கூத்து அடங்கல். அதில் மரங்கள் ஏறியிருக்க வேண்டும். எங்களுடையதில் தென்னை மட்டும் இருந்தது, தேக்கு இல்லை. சேர்த்து எழுதித் தாருங்கள் என்று கேட்டால், "நிக்கிற மரத்தைத்தான் சார் எழுத முடியும். விழுந்ததை எப்படி எழுதுறது?" என்றார் கிராம நிர்வாக அலுவலர். சரி, நிமிர்த்தி வைத்துவிட்டு வரட்டுமா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. நான்கு முறை போனேன். ஒரு முறை ஆளே இல்லை, ஒரு முறை ஜமாபந்தி என்கிற வருடாந்தரக் கணக்குத் தணிக்கை வேலை, ஒரு முறை சர்வர் இல்லை. கடைசியில் காப்பாற்றியது அம்மாவின் பழைய போன். புயல் நிவாரணக் கணக்கெடுப்புக்காக அப்போது எடுத்த படங்கள் தேதியோடு அதில் இருந்தன. விழுந்த தென்னைக்குப் பக்கத்தில் வேரோடு பெயர்ந்த தேக்கு, பின்னால் எங்கள் மோட்டார் கொட்டகை. அதைக் காட்டி, நேரில் ஒரு நடை வந்து பார்க்கச் சொல்லி, ஒரு வழியாகச் சான்று வாங்கினேன். அதன் பிறகு வனத்துறை ஆள் வந்து அளந்து, கட்டை முனையில் முத்திரை அடித்துப் பாஸ் கொடுத்தது மூன்றே நாள் வேலை. தேக்கு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து மரம் நிற்கும்போதே அடங்கலில் ஏற்றிவிடுங்கள். போனில் நாலு படமும் எடுத்து வையுங்கள்.

மரம் அறுக்கும் மில்லுக்குப் போகும்முன் கன அடிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கட்டையின் நடுச் சுற்றளவை நான்கால் வகுத்து, வருகிற எண்ணை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்க வேண்டும். எங்கள் கட்டை ஒவ்வொன்றும் 4 அடிச் சுற்று, 15 அடி நீளம். ஆளுக்கு 15 கன அடி, மொத்தம் 45. அறுத்து, வெள்ளையைக் கழித்துத் தேறியது 20 சொச்சம். அறுக்கும்போது கூடவே நில்லுங்கள். சாப்பாட்டு நேரத்தில் நான் டீ குடிக்கப் போனேன், திரும்பி வரும்போது நல்ல பலகை ஒன்று வேறு அடுக்கில் சாய்ந்திருந்தது. "மாறிப்போச்சு சார்" என்றார்கள்.

கட்டும் வேலையில் இரண்டு தப்பு. முதல் தப்பு என்னுடையது. கொத்தனார் ஓரடிப் பள்ளத்தில் செங்கல் தூண் எழுப்பினால் போதும் என்றார், நானும் தலையாட்டினேன். பரண் கட்டியது தை மாதம். எங்கள் கொல்லை வண்டல் கலந்த களிமண், சித்திரையில் பாளம் பாளமாக வெடிக்கிற மண். ஒரு வெடிப்பில் இரண்டரை அடிக் கம்பியை விட்டேன், முழுசாக இறங்கியது. ஓரடித் தூண் அந்த வெடிப்பின் தோளில்தான் நிற்கிறது. மழை வந்ததும் மண் உப்பி ஒரு மூலையைத் தூக்கியது, இன்னொரு மூலை இறங்கியது. கோலிக்குண்டை வைத்தால் தானாகக் கிணற்றைப் பார்த்து ஓடியது.

இரண்டாவது தப்பு ஆசாரியுடையது, ஆனால் அவரை முழுசாகக் குறை சொல்ல முடியாது. நாற்பது வருடம் கதவும் ஜன்னலும் செய்த கை. "காத்து நுழையாது பாருங்க" என்று பலகையோடு பலகையை நெருக்கி இழைத்துவிட்டார். அழகுதான், திண்ணைப் பலகை மாதிரி. போதாததற்கு அறுத்த மரத்தைக் காயவிடாமல் பத்தே நாளில் அடித்தோம். ஐப்பசி மழையில் ஊறி உப்பியபோது பலகைகளுக்கு விரிய இடம் இல்லை. நடுவில் இரண்டு வில்லாக வளைந்து திருகாணியைப் பிடுங்கிக்கொண்டு எழும்பின. மேலே தண்ணீர் தேங்கியது. இரும்பு ஆணி பட்ட இடமெல்லாம் கண் மை வழிந்த மாதிரி கறுப்பு. தேக்கில் ஈர இரும்பு பட்டால் அப்படித்தான் ஆகும் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அடுத்த வருடம் எல்லாவற்றையும் பிரித்தோம். நாலடி தோண்டி, அடியில் ஒரு சாண் மணல் பரப்பி, அகலமான அடித்தளத்தோடு கான்கிரீட் கால், சுற்றிலும் களிமண்ணுக்குப் பதில் மணல். மரம் எங்கும் மண்ணைத் தொடவில்லை. பலகைகளைக் குச்சி இடைவெளி விட்டு அடுக்கி, நிழலில் மூன்று மாதம் காயவைத்தேன். குறுக்குச் சட்டம் ஒன்றேகால் அடிக்கு ஒன்று. பலகைக்குப் பலகை ஒரு நாலங்குல ஆணித் தடிமன் இடைவெளி. ஆணியையே நடுவில் செருகி அளவு வைத்துக்கொண்டோம். திருகாணி முழுக்க 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். விலை மூன்று மடங்கு, மறுபேச்சுப் பேசவில்லை. ஆசாரிக்குத்தான் அந்த இடைவெளி கடைசி வரை பொறுக்கவில்லை. "வளையல் விழும், காசு விழும், அப்புறம் என்னைத் திட்டாதீங்க" என்றார். விழத்தான் விழுகிறது.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தை பிறந்ததும் தேங்காய் நாரால் மரத்தின் ரேகை போகும் திசையில் தேய்த்துப் பாசியைக் கழுவுகிறேன். ப்ளீச்சிங் பவுடர் வேண்டாம், மரம் வெளுத்து நார் நாராக எழும்பும். புரட்டாசிக்குள் நல்ல வெயில் பார்த்து ஆளி விதை எண்ணெய் ஒரு கை பூசுகிறேன். பலகையின் வெட்டு முனைகளில் மட்டும் இரண்டு கை, தண்ணீர் அங்கேதான் அதிகம் குடிக்கும். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி வாளியில் போடாதீர்கள். நான் போட்டேன். மதியம் தூங்கி எழுந்தால் வாளியிலிருந்து புகை. நெருப்புக் குச்சி எதுவும் தேவையில்லை, அந்த எண்ணெய் காயும்போது தானே சூடேறும். துணியைத் தண்ணீரில் முக்கி, விரித்துக் கொடியில் போட வேண்டும்.

பரணுக்கு அடியில் எதையும் அடைக்காதீர்கள் என்றும் சொல்வேன், ஆனால் என் வீட்டிலேயே எடுபடவில்லை. காலி இடம் கண்டதும் அம்மா தேங்காய் மட்டையையும் விறகையும் அடுக்கிவிட்டார். ஒரே மாதத்தில் மட்டையிலிருந்து கரையான் கான்கிரீட் கால் மேல் மண் கோடு இழுத்துவிட்டது. நல்லவேளை, குனிந்து பார்க்கிற பழக்கம் இருந்தது. பிறகு ஒரு நாள் அந்த விறகுக்குள்ளிருந்து ஒரு சாரை வெளியே வந்தது. நான் இரண்டு மாதமாகக் கெஞ்சி நடக்காதது அன்று பத்து நிமிடத்தில் நடந்தது.

இப்போது ஒரே சண்டைதான் பாக்கி. எண்ணெய் போட்டுப் பத்து நாளைக்குப் பரண் மேல் எதையும் வைக்காதீர்கள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். வேறு எங்கே வெயில் இப்படி விழுகிறது என்று அம்மா கேட்டுவிட்டு, ஐந்தாம் நாளே வேட்டியை விரித்து வடாம் பிழிந்துவிட்டார்.