எட்டாம் நம்பர் ராடும் என் வெல்டிங் மெஷினும்

மாசி மாதம் ஒரு சாயங்காலம். தேங்காய் ஏற்றிக்கொண்டு கொழிஞ்சாம்பாறை ரோட்டில் மேடு ஏறும்போது, டிராக்டரோடு டிரெய்லரைப் பிணைக்கும் முன்கொக்கி தனியாகப் பிய்ந்து வந்துவிட்டது. மெதுவாக வந்துகொண்டிருந்தேன், சங்கிலியும் போட்டிருந்தேன். அதனால் நாற்பது ஐம்பது காய் ரோட்டில் உருண்டதோடு போயிற்று. பின்னால் வந்த பால்காரர் வண்டியை நிறுத்திப் பொறுக்கிக் கொடுத்தார். "எந்தப் பட்டறைலங்க பத்த வெச்சீங்க?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. வெல்டிங்கில் பற்ற வைத்தவன் நானேதான்.

வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். உடைந்த இடத்தில் தகட்டின் ஓரம் பளபளவென்று இருந்தது. வெல்டு அடிப்பதற்கு முன்னால் கிரைண்டர் போட்ட கோடுகள்கூட அழியவில்லை. அதாவது வெல்டு இரும்புக்குள் இறங்கவே இல்லை. காயாத கல்லில் ஊற்றிய தோசை மாதிரி மேலாக உட்கார்ந்திருந்திருக்கிறது. பார்வைக்கு என்னவோ மீன் செதில் அடுக்கியதுபோல அழகாகத்தான் இருந்தது.

எங்களுக்குப் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் நாலு ஏக்கர் தென்னை, ஆறு மாடு, ஒரு டிராக்டர். கேட் கீல், கொட்டகைக் குழாய், கலப்பைக் கொழு, மண் கிளறும் ரோட்டவேட்டர் என்று மாதத்துக்கு ரெண்டு மூன்று தடவை ஏதாவது உடையும். ஒவ்வொன்றுக்கும் பட்டறைக்கு ஓடினால் அரை நாள் போய்விடும் என்று நாலு வருடம் முன்னால் ஆன்லைனில் ஒரு சின்ன இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் வாங்கியிருந்தேன், ராடு என்கிற கம்பியை உருக்கிப் பற்ற வைப்பது. முகப்பில் பெரிதாக 200 என்று ஸ்டிக்கர், அதாவது 200 ஆம்ஸ் கரன்ட் தருமாம். ஜன்னல் கம்பிக்கும் சதுரக் குழாய்க்கும் நன்றாகவே ஓடியது. கொக்கி உடைந்த அன்றைக்கு முடிவு செய்துவிட்டேன்: இது போதாது, 400 ஆம்ஸ் மெஷினாக வாங்கிவிட வேண்டும்.

மச்சினன் அதற்கும் மேலே போனான். "மாமா, எதுக்கு ராடு? மிக் வாங்குங்க. வயரு தானா வரும், சிலாக் தட்டற வேலையே இல்லீங்க" என்று போனில் வீடியோவாக அனுப்பிக்கொண்டே இருந்தான். மிக் என்பது ராடுக்குப் பதிலாக வயரை உருக்கும் வெல்டிங்; சிலாக் என்பது ராடு வெல்டின் மேல் படியும் கசடு. அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. மெல்லிய தகட்டுக்கு மிக் மாதிரி சுத்தமான வேலை ராடில் வராது. ஆனால் அதில் உருகும் இரும்பைக் காற்றுப் படாமல் காப்பது சிலிண்டரிலிருந்து வரும் கேஸ். நாங்கள் இருப்பதோ பாலக்காட்டுக் கணவாயின் வாயில். ஆடிக் காற்றில் தென்னை மட்டையே பறக்கிற ஊரில், திறந்த களத்தில் கேஸ் எங்கே நிற்கும்? நாலு பக்கமும் அடைத்த ஷெட் இருப்பவர்கள் வாங்கலாம். கேஸ் இல்லாமல் ஓடும் வயரும் இருக்கிறது, ஆனால் என் வேலையில் பாதி துருவும் பழைய பெயின்ட்டும். அதற்கு ராடுதான் சரி என்று அவனிடம் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் வீடியோ வரவில்லை.

அடுத்த நாள் கொக்கியை எடுத்துக்கொண்டு பட்டறை அண்ணனிடம் போனேன். முப்பது வருடமாக டிராக்டர் வேலை பார்ப்பவர். உடைந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. 400 ஆம்ஸ் வாங்கப் போகிறேன் என்றதும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தம்பி, இந்த நாலு வருசத்துல எட்டாம் நம்பர் ராடு எத்தன எரிச்சிருப்பீங்க?"

யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. நான் எரித்ததெல்லாம் 12-ம் நம்பரும் 10-ம் நம்பரும்தான், அதாவது இரண்டரை மில்லியும் மூன்றேகால் மில்லியும். புதிதாக வருபவர்களுக்காகச் சொல்கிறேன். 12-ம் நம்பருக்கு 60 முதல் 90 ஆம்ஸ், 10-ம் நம்பருக்கு 90 முதல் 140, நாலு மில்லி எட்டாம் நம்பருக்கு 140-க்கு மேலே 190 வரை. ராடு அளவுதான் ஆம்ஸைத் தீர்மானிக்கும். 12 மில்லி தகடு என்றாலும் ஓரத்தை வி மாதிரி சாய்த்து அரைத்துவிட்டு, 10-ம் நம்பரில் மூன்று நாலு வரிசை போட்டால் தாராளமாகப் பிடிக்கும். 400 ஆம்ஸ் எல்லாம் நாள் முழுக்கத் தடி ராடு எரிக்கிற ஃபேக்டரிக்கு.

"அப்புறம் எதுக்குங்கண்ணா இது பிடிக்கல?"

"ஓரத்த சாய்ச்சு அரைக்காம அடிச்சிருக்கீங்க, அது ஒண்ணு. நீங்க 140-ல வெச்சு அடிச்சேன்னு நெனச்சிட்டு இருக்கீங்க, அது இன்னொண்ணு. மெஷின எடுத்துட்டு வாங்க, பாத்தரலாம்."

எடுத்துக்கொண்டு போவதற்கு முன்னால் வீட்டுக்கே வயர்மேனைக் கூப்பிட்டேன். அவர் செய்த சோதனை ரொம்பச் சாதாரணம், யாரும் செய்து பார்க்கலாம். ஷெட் பிளக்கில் மல்ட்டிமீட்டரைச் செருகிவிட்டு என்னை ராடு எரிக்கச் சொன்னார். சும்மா இருக்கும்போது 216 வோல்ட். ராடு எரியும்போது 188. பிறகு அதே சோதனையை வீட்டு மீட்டர் போர்டில் செய்தார். அங்கே 216, எரியும்போது 203. அப்படியானால் 13 வோல்ட் வெளி லைனில் போகிறது, மீதி 15 வோல்ட் என் சொந்த வயரில் போகிறது. வீட்டிலிருந்து ஷெட்டுக்கு 45 மீட்டர் தூரம். மாட்டுத் தீவனத் தட்டு வெட்டும் மெஷினுக்காக எப்போதோ இழுத்த இரண்டரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர் அது. போக வர 90 மீட்டர், 22 ஆம்ஸ் இழுத்தால் 15 வோல்ட் போகத்தான் செய்யும். கையை வைத்துப் பார்த்தேன், வயர் வெதுவெதுப்பாக இருந்தது.

பட்டறையில் நல்ல கரன்ட்டில் ஓட்டிப் பார்த்தபோதே டயலில் 140 வைத்தால் உண்மையில் 115-ஐத் தாண்டவில்லை. வீட்டில் 188 வோல்ட்டில் 100 வந்திருந்தால் அதிகம். சாயங்கால நேரம் இன்னும் மோசம். மூலத்தறை தடுப்பணையிலிருந்து கால்வாயில் தண்ணீர் வருகிற மாதங்களில் எங்கள் பக்கம் கரன்ட் பரவாயில்லை. தண்ணீர் நின்றுவிட்டால் எல்லாத் தோட்டத்திலும் போர்வெல் மோட்டார் ஓடும், வோல்ட்டேஜ் கிணற்றுத் தண்ணீர் மாதிரி இறங்கிக்கொண்டே போகும். நான் அந்தக் கொக்கியைப் பற்ற வைத்தது ஒரு தை மாதச் சாயங்காலம்.

இந்த லைனில் 400 ஆம்ஸ் மெஷினைக் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும் என்று அப்புறம்தான் உறைத்தது.

அதற்கும் ஒரு குறுக்கு வழி தோன்றியது. மோட்டார் ரூமில் த்ரீ பேஸ் இருக்கிறதே, அதில் மாட்டினால்? வயர்மேன் தலையிலடித்துக்கொண்டார். விவசாய இணைப்பு சலுகைக் கட்டணத்தில் வருவது, பாசனத்துக்கு மட்டும். அதில் வெல்டிங் ஓட்டுவது 2003-ம் வருட மின்சாரச் சட்டத்தின் 126-ம் பிரிவில் வரும், பிடித்தால் ரெண்டு மடங்குக் கட்டணம் போடுவார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கிற சொந்தக்காரர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சட்டம் அங்கேயும் அதேதான்.

சரி, நேர்வழி. வீட்டு இணைப்பில் எழுதியிருந்த லோடு 3 கிலோவாட். வெல்டிங்கைச் சேர்த்தால் 5 கிலோவாட்டைத் தாண்டும், அதற்கு மேல் கேரளத்தில் த்ரீ பேஸ்தான். மின்வாரியத்தின் செக்‌ஷன் ஆபீஸ் விண்ணப்பத்தை மகள் மலையாளத்தில் எழுதிக் கொடுத்தாள். எனக்கு மலையாளம் பஸ் போர்டு படிக்கிற அளவுக்குத்தான். வயரிங் சர்டிபிகேட், பணம், ஓவர்சியர் வந்து பார்த்தது எல்லாம் முடிய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

அந்த ஒரு மாதத்தில்தான் மெஷின் தேடினேன். பொள்ளாச்சியில் ரெண்டு கடை, கோயம்புத்தூரில் மூன்று. முன்பெல்லாம் இந்த மாதிரிச் சாமான் வாங்கிக்கொண்டு எல்லையில் இருக்கும் வேலந்தாவளம் வழியாக வந்தால் வரி செக்போஸ்ட்டில் பில்லைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததோடு அது போயிற்று. இந்தப் பக்கம் வாங்கினாலும் அந்தப் பக்கம் வாங்கினாலும் அதே 18 சதவீதம். சர்வீஸ் எங்கே கிடைக்கும் என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

கடைக்காரர்கள் முகப்பில் இருக்கும் எண்ணைத்தான் காட்டுவார்கள். நான் மெஷினைத் திருப்பிப் பின்பக்கத் தகட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். பட்டறை அண்ணன் சொல்லிக் கொடுத்தது அது. ஒழுங்கான மெஷினில் ஒரு சின்ன அட்டவணை இருக்கும். எக்ஸ் என்று போட்டு 60%, 100% என்று எழுதி, அதற்குக் கீழே ஆம்ஸ். 60 சதவீதத்தில் 200 என்றால், பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் 200-ல் எரிக்கலாம், நாலு நிமிடம் ஆற விட வேண்டும். நிற்காமல் எரிப்பதற்கு அதே மெஷின் 155 தரும். இன்னொரு கம்பெனி 200 மெஷினில் 30 சதவீதம் என்று இருந்தது. அது நிற்காமல் தருவது 110 மட்டுமே. ரெண்டிலும் முகப்பில் 200-தான். விலை வித்தியாசம் ஏழாயிரம் ரூபாய். இந்தக் கணக்கெல்லாம் 40 டிகிரி வெயிலுக்குப் போட்டது; பங்குனியில் எங்கள் தகரக் கூரைக்குக் கீழே அதற்கு மேலேயே இருக்கும். என் பழைய மெஷினைத் திருப்பிப் பார்த்தேன். அட்டவணையே இல்லை, வெறும் ஸ்டிக்கர்.

அதே தகட்டில் ஐ1 மேக்ஸ் என்று ஒன்று இருக்கும். மெஷின் நம் லைனிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு இழுக்கும் என்பது அது. நான் எடுத்ததில் 38 ஆம்ஸ். 16 ஆம்ஸ் பிளக்கில் செருகுகிற சமாச்சாரம் இல்லை என்பது அதைப் பார்த்தாலே தெரியும். இதைப் பற்றி எந்தக் கடையிலும் அவர்களாக ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

செம்புச் சுருள் போட்ட பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷினையும் பார்த்தேன். உழைப்பில் அதை அடித்துக்கொள்ள முடியாது. தூசி, எலி எதற்கும் அசையாது. ஆனால் தூக்க ரெண்டு ஆள் வேண்டும், லைனிலிருந்து இழுக்கிற கரன்ட்டும் அதிகம். தோட்டத்துக்குள் எடுத்துக்கொண்டு திரிய முடியாது என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு கடையில், எரித்துப் பார்க்காமல் வாங்க மாட்டேன் என்று நின்றேன். பையில் 10 மில்லி தகட்டுத் துண்டு ரெண்டு கொண்டுபோயிருந்தேன். கடைப் பையன் ஒரு மாதிரியாகப் பார்த்தான். முதலாளி சரி என்றார். 125-ல் வைத்து 10-ம் நம்பர் ராடு எட்டு, ஒன்றன் பின் ஒன்றாக எரித்தேன். மெஷின் நிற்கவில்லை. தகட்டை வைஸில் பிடித்துச் சுத்தியால் அடித்தோம். வளைந்தது, பிரியவில்லை. 60 சதவீதத்தில் 200 ஆம்ஸ், சிங்கிள் பேஸ், 18,500 ரூபாய்.

செலவு அதோடு முடியவில்லை. ஷெட்டுக்கு 6 ஸ்கொயர் செம்பு வயர், தனி எர்த், லோடு மீறினால் தானாக விழும் 32 ஆம்ஸ் எம்சிபி சுவிட்ச், அதற்கேற்ற பிளக் எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சம். த்ரீ பேஸ் வந்த அன்று வயர்மேன் சாயங்காலம் ஏழு மணிக்கு மூன்று பேஸையும் அளந்தார்: 206, 221, 214. வெல்டிங்கை 221 உள்ள பேஸில் மாட்டிவிட்டு, "இது தெரியாமப் போயிருந்தா 206-ல மாட்டியிருப்பேனுங்க" என்றார். முதலில் மெஷினை வாங்கி அப்புறம் வயரைப் பார்த்திருந்தால் நான் மெஷினைத்தான் குறை சொல்லிக்கொண்டு இருந்திருப்பேன்.

கொக்கியை அண்ணன்தான் அடித்தார், என் மெஷினில், என் ஷெட்டில். ரோட்டில் போகிற சாமான், உங்கள் கை பழகும்வரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பழைய வெல்டை முழுக்க அரைத்து எடுத்து, ரெண்டு பக்கமும் சாய்த்து, அடியில் 12-ம் நம்பர் ஒரு வரிசை, மேலே 10-ம் நம்பர் மூன்று வரிசை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் சிலாக்கைத் தட்டி பிரஷ் போட்டு. நான் ஷீல்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ராடு நுனியில் உருகும் இரும்பு ரெண்டு ஓரத்தையும் கரைத்துக்கொண்டு போவது தனியாகத் தெரிந்தது. நாலு வருடத்தில் என் ராடின் கீழே அதை நான் பார்த்ததே இல்லை.

புது மெஷின் வந்த மூன்றாவது வாரம் ஒரு முட்டாள்தனம் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ரோட்டவேட்டர் ரோட்டாரில் ஒரு பிளேட் பிடிக்கும் தகடு விரிசல் விட்டிருந்தது. அவசரத்தில் எர்த் கிளாம்ப்பை மேல் ஃபிரேமில் மாட்டிவிட்டு ரோட்டாரில் வெல்டு அடித்தேன். கரன்ட் ரோட்டாரிலிருந்து பேரிங் வழியாகத்தானே ஃபிரேமுக்குப் போக வேண்டும்? ரெண்டு நாளில் பேரிங் கரகரவென்று கத்த ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்தால் பந்துகளில் ஊசி குத்தினதுபோலப் புள்ளி புள்ளியாகக் குழி. கிளாம்ப்பை வெல்டு அடிக்கிற துண்டிலேயே, பக்கத்திலேயே மாட்ட வேண்டும். டிராக்டரோடு சேர்த்து இருந்தால் பேட்டரி வயரையும் கழற்றிவிட வேண்டும். பழைய மெஷினிலும் இதே தப்பைச் செய்திருப்பேன்.

மழைக்காலத்தில் ராடு நமத்துப் போகாமல் இருக்க மூடி உள்ள டின் வேண்டும். வீட்டிலிருந்த முறுக்கு டின்னை எடுத்துக்கொண்டேன். அதைப் பற்றி இங்கே எழுதாமல் இருப்பது நல்லது.

பழைய மெஷினை மச்சினன் கொண்டுபோய்விட்டான். ஜன்னல் கம்பி வேலைக்கு நன்றாக ஓடுகிறதாம். போன வாரம் போன் செய்தான். கேட்டுக்கு அடித்த வெல்டு ரெண்டு இடத்தில் விட்டுவிட்டதாம், மெஷின் சரியில்லையோ என்று சந்தேகம். ஷெட்டுக்கு எத்தனை மீட்டர் வயர் இழுத்திருக்கிறாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "எழுவது இருக்குமுங்க மாமா" என்றான்.