அஞ்சு நகர்வு பார்த்த நிரலும் போன யானையும்

திருப்பாதிரிப்புலியூரில் மாமா வீட்டுத் திண்ணையில் ஞாயிறு சாயங்காலம் செஸ் நடக்கும். பைதானில் நானே எழுதிய செஸ் நிரலை லேப்டாப்போடு கொண்டுபோய் அவர் முன்னால் வைப்பதுதான் மூன்று மாதமாக என் வேலை.

முதலில் நகர்வுகளைப் பட்டியலிடும் பகுதி. தொடக்க நிலையிலிருந்து எத்தனை வழிகள் என்று எண்ணிப் பார்த்தால் 20, 400, 8,902, 1,97,281 என்று வர வேண்டும். வந்தது. ஐந்தாவது நகர்வில் 48,65,609 வர வேண்டும். எனக்கு 258 குறைந்தது. இரண்டு ராத்திரி தூக்கம் போனது. கடைசியில் பார்த்தால், இரண்டு கட்டம் தாண்டும் சிப்பாயைப் போகிற போக்கில் வெட்டும் விதியை எழுதவே மறந்திருக்கிறேன். அது முதன்முதலாகத் தலைகாட்டுவதே ஐந்தாவது நகர்வில்தான், சரியாக 258 முறை.

அப்புறம் ஆல்ஃபா-பீட்டா தேடல்: நகர்வு, பதில் நகர்வு என்று முன்னோக்கிப் பார்த்து, உதவாத வழிகளை ஒதுக்கிவிடும் முறை. நிலைக்கு மதிப்பெண் போடும் மதிப்பீடு என்று பெரிதாக எதுவும் இல்லை: சிப்பாய் 100, குதிரை 320, பிஷப் 330, யானை 500, ராணி 900, கூட்டிக் கழி. இருவர் நகர்வையும் சேர்த்து ஐந்து ஆழம் போனது. கர்வத்தோடு மாமா முன்னால் வைத்தேன்.

“என்னடா இது, ஓரத்துச் சிப்பாயையே தள்ளிக்கிட்டு இருக்கு?”

எதுவும் வெட்டுப்படாதவரை அதற்கு எல்லா நகர்வும் ஒன்றுதான். பட்டியலில் முதலில் இருப்பதை ஆடிவிடும். ஒவ்வொரு காய்க்கும் 64 கட்டத்துக்கு ஓர் அட்டவணை போட்டேன். குதிரை நடுவில் நின்றால் கூடுதல், ஓரத்தில் நின்றால் குறைவு. காய் நகரும்போது பழைய கட்டத்தின் எண்ணைக் கழித்துப் புதியதைக் கூட்டினால் போதும், வேகம் குறையவில்லை. ஆட்டம் ஆட்டம் மாதிரி ஆனது.

இங்கே நிறுத்தியிருக்கலாம். ஆசை யாரை விட்டது! ராஜாவின் பாதுகாப்பு, இரட்டைச் சிப்பாய், காய்களின் நடமாட்டம் எல்லாவற்றையும் சேர்த்தேன். நடமாட்டத்தை அளக்க, தேடலில் வரும் ஒவ்வொரு நிலையிலும் நகர்வுகளை மறுபடி எண்ண வேண்டும். பைதான் மூச்சு வாங்கியது. அதே நேரத்தில் மூன்று ஆழம்தான் போக முடிந்தது.

அந்த ஞாயிறு மாமாவின் குதிரை பி5-இல் நின்றது. என் ராணி டி8-ஐ விட்டுப் போயிருந்தது. நிரல் எங்கோ சிப்பாயை நகர்த்த, குதிரை சி7-இல் குதித்து ராஜாவுக்கு செக், கூடவே ஏ8 யானைக்கும் குறி. என் நகர்வு, செக், ராஜா விலகல், யானை வெட்டு: நாலாவது நகர்வில்தான் நஷ்டம். மூன்றோடு நிறுத்திய நிரலுக்கு அந்த இடத்தில் எல்லாம் சமமாகவே தெரிந்திருக்கிறது. பழைய மொட்டை மதிப்பீடு ஐந்து ஆழத்தில் இதைப் பார்த்திருக்கும்.

சரி, ஆழம்தான் முக்கியம் என்று முடிவு கட்டப் போனேன். அதற்கு முன் ஒன்றைச் செய்து பார்த்தேன்: ஆழம் தீர்ந்ததும் உடனே மதிப்பெண் போடாமல், வெட்டுகள் அடங்கும்வரை வெட்டுகளை மட்டும் தொடர்ந்து பார்ப்பது. அதே நிலை, அதே மூன்று ஆழம், குதிரையைக் கண்டுகொண்டது. கொந்தளிக்கிற நிலையில் எந்த மதிப்பீடும் பொய்தான் சொல்லும். 1950-லேயே கணினி செஸ்ஸின் முன்னோடி கிளாட் ஷானன் இதை எழுதிவிட்டார். நான் யானையைக் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

நடமாட்டக் கணக்கைத் தூக்கிவிட்டேன். பழைய நிரலோடு 20 ஆட்டம் மோதவிட்டதில் புதியதுதான் முந்தியது, ஆனால் 20 ஆட்டத்தை வைத்து மார்தட்ட முடியாது.

அதற்காக மதிப்பீட்டை மட்டமாக நினைக்கவும் முடியவில்லை. 1997-இல் உலக சாம்பியன் காஸ்பரோவை வென்ற ஐபிஎம் கணினி டீப் ப்ளூ நொடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளைப் பார்த்தது. 2017-இல் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் நிரலை வென்ற, தன்னோடு தானே ஆடிக் கற்ற ஆல்ஃபாஜீரோ பார்த்தது நொடிக்குச் சுமார் 80 ஆயிரம்தான்; அதன் மதிப்பீடு அவ்வளவு கெட்டி. 2020-இல் ஸ்டாக்ஃபிஷும் நரம்பு வலை (நிலைகளைப் பார்த்துக் கற்ற கணக்கு) மதிப்பீட்டுக்கு மாறியது; நகர்ந்த காயால் மாறுவதை மட்டும் திருத்திக்கொள்ளும் வலை அது. என் அட்டவணையின் கழித்துக் கூட்டும் வித்தைக்குப் பெரியண்ணன்.

போன வாரம் வேறு கூத்து. நிரலிடம் ராஜாவும் யானையும், மாமாவிடம் வெறும் ராஜா. மேட் வைக்க அதிகபட்சம் 16 நகர்வு போதும். ஆனால் அது இருபக்கமும் சேர்த்து 31 ஆழம், என் லேப்டாப் எங்கே போக? யானை மேலும் கீழும் உலாத்தியது. வெட்டோ சிப்பாய் நகர்வோ இல்லாமல் ஆளுக்கு ஐம்பது நகர்வு போனால் டிரா. மாமா விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருந்தார்.

“அம்பது ஆச்சுடா. டிரா.”

எதிர் ராஜா ஓரத்துக்குப் போனால் கூடுதல், இரண்டு ராஜாக்களும் நெருங்கினால் கூடுதல் என்று மூன்று வரி சேர்த்திருக்கிறேன். ஞாயிறு வரட்டும்.