பார்மசி ரெசிடென்சிக்கு என்னை எடுத்த விதம்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கத்திலிருந்து பார்ம்.டி. என்ற மருந்தியல் பட்டப்படிப்பை முடிக்கப்போகிற தம்பி, தங்கைகள் சிலர், அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் எடுக்கும் மேற்பயிற்சியான ரெசிடென்சிக்கு எப்படி ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்கிறீர்கள். நான் அதை இப்போதுதான் கடந்து வந்தேன்.

இந்தியாவில் பார்ம்.டி. 2008-இல் தொடங்கியது. ஆறு வருஷப் படிப்பு, கடைசி வருஷம் முழுக்க ஆஸ்பத்திரி. அதற்கு மேல் ரெசிடென்சி என்றால் அந்தந்த ஆஸ்பத்திரி வைத்ததுதான் முறை. அமெரிக்காவில் விண்ணப்பிப்பவரும் ஆஸ்பத்திரியும் தனித்தனியே விருப்ப வரிசை கொடுப்பார்கள், கணினி பொருத்திச் சொல்லும். இங்கே முதலில் கூப்பிட்ட இடம் "நாளைக்குள் முடிவு சொல்லுங்கள்" என்றால், பிடித்த இடத்துக்காகக் காத்திருக்க வழியில்லை.

முதலில் போன இடத்தில் பேச்சு சட்டென்று முடிந்துவிட்டது. மார்க் எவ்வளவு, அப்பாவுக்கு என்ன வேலை, பள்ளியில் தமிழ் மீடியமா. மருந்தைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. என்னோடு வந்த தோழியிடம் கல்யாணம் எப்போது என்று கேட்டார்களாம். வார்டில் அவள் எங்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரி. எனக்கு அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

அடுத்து போன பாலக்காட்டு ஆஸ்பத்திரி வேறு மாதிரி. எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒரே நேரம். கையில் ஒரு கேஸ் ஷீட் கொடுத்தார்கள். இதயத்தில் செயற்கை வால்வு வைத்த அம்மா, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். வயிற்றுத் தொற்றுக்குப் புதிதாக மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்து எழுதியிருந்தது. அது வார்ஃபரின் கல்லீரலில் சிதைவதைத் தடுக்கும், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு ஏறும், ரத்தக்கசிவு வரலாம். அதைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். டாக்டராக நடித்த ஒருவருக்குப் போனில் சொல்ல வேண்டும். "ரவுண்ட்ஸ்ல இருக்கேன், சீக்கிரம்" என்றார். வார்ஃபரின் டோஸ், கடைசி ஐ.என்.ஆர்., என்ன ஆபத்து என்று வரிசையாகச் சொன்னேன். மாற்று மருந்து தரலாமா, இதுவேதான் வேண்டுமென்றால் வார்ஃபரினைக் குறைத்து ஐ.என்.ஆரை நெருக்கமாகப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

அப்புறம் அந்த அம்மாவின் மகளுக்கு விளக்க வேண்டும், எந்த மொழியிலும். சித்தூர், வேலந்தாவளம் பக்கத்திலிருந்து இங்கே தமிழ் பேசுகிறவர்கள் நிறைய வருவார்கள் என்பதால் தமிழிலேயே பேசினேன். "பல் விளக்கும்போது ரத்தம் வந்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ உடனே கூட்டிட்டு வந்துடுங்கக்கா." வார்டில் தினமும் சொல்கிற வாக்கியம்தான். அதற்கும் மார்க் இருந்தது.

தேர்வுக் குழுவினர் தனித்தனித் தாளில் மார்க் எழுதிக் கொடுத்த பிறகுதான் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஒருவர் அபிப்பிராயம் இன்னொருவர் பேனாவை இழுக்கவில்லை. நான் பார்த்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், செலவே இல்லாத ஏற்பாடு.

என் தோழிக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. ஆனால் அவளுடைய மார்க் தாளை அனுப்பி வைத்தார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு டோஸ் கணக்கிடுவதில் குறைந்திருந்தது. இப்போது அதைத்தான் உட்கார்ந்து படிக்கிறாள். மற்ற ஆஸ்பத்திரிகள் வேறெதுவும் மாற்றாவிட்டாலும், தேர்வாகாதவர்களுக்கு இந்தத் தாளையாவது அனுப்ப வேண்டும்.